மருதமலை அடிவாரத்தில் வாடகைக்கு வீடு

கோவைக்கு மாற்றலாகி வருகிறவர்கள், ஓய்வுபெற்றதும் சென்னையைக் காலி செய்கிறவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் வீடு பெரும்பாலும் ஒன்றுதான். மொட்டை மாடியில் நின்றால் மலை தெரிய வேண்டும், சத்தம் கூடாது, டவுனுக்கு அரை மணி நேரத்தில் போய்விட வேண்டும். வடவள்ளி, கல்வீரம்பாளையம், வேடபட்டி, கோவைப்புதூர் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கத்தான் செய்கின்றன. மலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது எல்லார் மாடிக்கும் தெரியும். தண்ணீரும் குப்பை வண்டியும் தெருவிளக்கும்தான் தெருவுக்குத் தெரு மாறும். மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் மூன்றும் வேறாகிவிடும். வாடகை மட்டும் பெரிதாகக் குறையாது.

அதனால் அறைகளைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: "வீட்டு வரி ரசீது ஒண்ணு காட்டுறீங்களா?" கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அந்த ஒரு தாளில் வீடு யார் பெயரில் இருக்கிறது, எந்த உள்ளாட்சிக்கு உட்பட்டது என்பது வந்துவிடும். வடவள்ளியும் வீரகேரளமும் 2011-இல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தன. அதே ஆண்டு குனியமுத்தூரும் சேர்ந்தது. கொஞ்சம் தள்ளினால் சோமையம்பாளையம் ஊராட்சி. இந்தப் பக்கம் வேடபட்டி, பேரூர், தொண்டாமுத்தூர் எல்லாம் பேரூராட்சிகள். புரோக்கர் எல்லாவற்றையும் "வடவள்ளி பக்கம்" என்ற ஒரே பெயரில்தான் சொல்வார். அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு அது பக்கம்தான். குப்பை வண்டி தினமும் வருமா, குடிநீர்க் குழாய் இருக்கிறதா, தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போவது என்பதெல்லாம் அந்த எல்லைக்கோட்டைப் பொறுத்தது.

தண்ணீருக்கு வருவோம். இங்கே வீடு பார்ப்பதில் பாதி வேலை அதுதான். கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவது சும்மா இல்லை. கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்து மலையில் தேங்கி, சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வரும் தண்ணீர் அது. பருப்பு சீக்கிரம் வேகும், துணியில் நுரை நிற்கும். ஆனால் சிறுவாணி மலைக்கு அருகில் வீடு இருந்தால் சிறுவாணித் தண்ணீர் வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். பவானி ஆற்றுத் தண்ணீர் வரும் பகுதிகள் இருக்கின்றன. போர் தண்ணீரைத் தவிர வேறு கதியில்லாத புது சைட்டுகளும் இருக்கின்றன. கோடையில் அணை இறங்கினால் நல்ல தண்ணீர் வரும் இடைவெளியும் நீளும்.

"தண்ணி வருதுங்களா?" என்று கேட்டால் "வருதுங்க" என்றுதான் பதில் வரும். கேள்வியை உடைத்துக் கேளுங்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம், பகலிலா நடுச்சாமத்திலா? நல்ல தண்ணீருக்குத் தனித் தொட்டி உண்டா, அல்லது போர் தண்ணீரோடு ஒரே சம்ப்பில் கலக்கிறார்களா? அந்தச் சம்ப்பை நம்பி எத்தனை குடித்தனம்? மோட்டார் சுவிட்ச் யார் வீட்டுக்குள் இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சுவிட்ச் கீழ்வீட்டு ஓனர் சமையலறையில் இருந்து, அவர் ஒரு வாரம் மகள் வீட்டுக்குப் போனால், மாடியில் இருப்பவருக்கு லாரித் தண்ணீர்தான்.

போர் தண்ணீரின் குணத்தை ஓனர் சொல்ல வேண்டியதில்லை, குளியலறை சொல்லிவிடும். ஷவரைத் திருகிக் கழற்றி, துளைகளைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு போல அடைத்திருந்தால் உப்பு அதிகம். குழாயடியில், டைல்ஸ் இடுக்கில், ஹீட்டரின் அடிமூட்டில் அதே வெள்ளை படிந்திருக்கும். புதிதாக ஷவர் மாற்றி வைத்திருந்தால் பழைய பக்கெட்டைத் தேடுங்கள்; உள்பக்கத்தில் வளையம் வளையமாகக் கறை நிற்கும். அப்படிப்பட்ட வீடு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாஷிங் மெஷின், ஹீட்டர் இரண்டுக்கும் ஆயுள் குறையும், குடிக்க கேன் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. வேண்டும். அந்தச் செலவையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள், அவ்வளவுதான். தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசினால் தண்ணீர் வரலாறு முழுக்கக் கிடைத்துவிடும். அந்தத் தெருவில் யார் எதற்காகக் காலி செய்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்று கோவையின் சொத்து. அடிவாரத்தில் அதோடு சாரலும் சேர்ந்துகொள்ளும். மே மாதத்தில் வீடு பார்க்கிறவருக்கு மேற்குச் சுவர் வெறும் சுவராகத்தான் தெரியும். ஜூலையில் அதே சுவர் ஓதம் காக்கும், அதை ஒட்டிய பீரோவில் துணி பூஞ்சை வாடை அடிக்கும். மேற்கு, தென்மேற்குச் சுவர்களின் உள்பக்கத்தைத் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கையால் தடவிப் பாருங்கள். புதுப் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தாலோ, விரலில் மாவு போல ஒட்டினாலோ, அது போன மழைக்கு நனைந்த சுவர். மேற்கு ஜன்னல்களுக்குக் கொக்கி இருக்கிறதா, மேலே சன்ஷேடு இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்றுக் காலத்தில் மரக்கிளை விழுந்து கரண்ட் போவது சகஜம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர் என்றால் இன்வெர்ட்டருக்குத் தனி ஒயரிங் இருக்கும் வீடாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி யானை. வெளியூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள், நான் சிரிக்காமல் பதில் சொல்வேன். மருதமலை, தடாகம், நரசீபுரம், ஆலாந்துறை வரை காட்டை ஒட்டிய பகுதிகளில் யானை நடமாட்டம் உண்டு. பாரதியார் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே வந்து போயிருக்கின்றன. வடவள்ளி மெயின் ரோட்டை ஒட்டிய தெருக்களுக்கு இந்தக் கவலை அனேகமாக இல்லை. காட்டு எல்லையைப் பார்த்த கடைசி வரிசை வீடுகளுக்கு உண்டு. "கடைசி வீடு, முன்னாடி ஃபுல்லா மலை வியூ" என்று புரோக்கர் சொல்லும் அதே வீடுதான்.

அங்கே குடியேறத்தான் வேண்டும் என்றால் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள். அரிசி மூட்டையைப் பின்சுவரை ஒட்டிய அறையில் வைக்காதீர்கள். அந்த வாசத்துக்குச் சுவரை, கதவை உடைத்த கதைகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. வீட்டு வளாகத்தில் பலா, வாழை இருந்தால் பழுக்கும் முன்பே வெட்டிவிடச் சொல்லுங்கள். இருட்டுப் பிரியாத காலையில் வாக்கிங் வேண்டாம். வெளிச்சம் வந்த பிறகு போனாலும் உடம்பு குறையும். இரவில் தெருவில் யானை நிற்கிறது என்றால் மொபைலைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடாதீர்கள். விளக்கைப் போட்டு உள்ளேயே இருந்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அந்தந்த ஊரில் வனத்துறையினர் இருக்கும் வாட்ஸ்அப் குழு இருக்கும், குடிபோன முதல் வாரமே அதில் சேர்ந்துவிடுங்கள். நாயை வெளியே கட்டிப்போடும் வழக்கமும் கூடாது, அது சிறுத்தைக்கு அழைப்பு. 2022 ஜனவரியில் குனியமுத்தூர் அருகே ஒரு பழைய கிடங்குக்குள் சிறுத்தை புகுந்து, நாள்கணக்கில் காத்திருந்துதான் கூண்டில் பிடித்தார்கள்.

குப்பை விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் நோயுற்று இறந்த பெண் யானை சினையாக இருந்தது. வயிற்றில் பிளாஸ்டிக் கழிவு கிடந்தது. மீந்த சோற்றை கேரி பேக்கில் முடிந்து காலி மனையில் வீசுகிறவர்கள் அடிவாரத்துக்குக் குடிவர வேண்டாம். குப்பை வண்டி வராத நாளில் வீட்டுக்குள்ளேயே மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்க இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்து மனை காலியாகப் புதர் மண்டிக் கிடந்தால் வரும். குளியலறை நீர்ப்போக்கிக்கு ஜாலி, கதவடியில் இடைவெளி இல்லாமை, வாசலில் விளக்கு. இவ்வளவு போதும்.

அமைதி என்றீர்களே, அதையும் காலண்டரோடு பார்க்க வேண்டும். தைப்பூசத்துக்கும் கிருத்திகைக்கும் மருதமலை ரோட்டில் வண்டி நகராது. ஆடி அமாவாசைக்குப் பேரூர் படித்துறைப் பக்கம் போகவே வேண்டாம். மகா சிவராத்திரி இரவில் சிறுவாணி ரோடு விடிய விடிய விழித்திருக்கும். அதற்கெல்லாம் சேர்த்து வருடத்தில் சில நாள்தான், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மேற்குப் புறவழிச்சாலை அப்படியல்ல. மதுக்கரைப் பக்கத்திலிருந்து மாதம்பட்டி வழியாக நரசிம்மநாயக்கன்பாளையம் வரை சுமார் 32 கிலோமீட்டருக்குத் திட்டமிட்டு, பகுதி பகுதியாகப் போடுகிறார்கள். நீங்கள் பார்க்கும் தோட்டத்து வீட்டுக்கு அரை கிலோமீட்டரில் அந்தத் தடம் போகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேலை சரவணம்பட்டி, காளப்பட்டி பக்கம் என்றால் என் அபிப்பிராயம் வெளிப்படையானது: வராதீர்கள். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தினமும் போய்வந்தால் மலையைப் பார்க்க ஞாயிறு மட்டும்தான் மிஞ்சும். காந்திபுரத்திலிருந்து மருதமலைக்கு 70-ஆம் நம்பர் பஸ் நாள் முழுக்க ஓடுகிறது. மெயின் ரோட்டுக்கு நடக்கும் தூரத்தில் வீடு என்றால் வண்டி ஓட்டாத பெரியவர்களும் சமாளிப்பார்கள். இரண்டு கிலோமீட்டர் உள்ளே என்றால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆட்டோ தயவுதான். வயதான அப்பா அம்மா கூட இருந்தால், அந்த நேரத்தில் ஒருமுறை வந்து பாருங்கள். தெருவிளக்கு எத்தனை எரிகிறது, போன் சிக்னல் வீட்டுக்குள் நிற்கிறதா, ஆம்புலன்ஸ் திரும்ப அகலம் இருக்கிறதா என்பதைப் பகலில் கண்டுபிடிக்க முடியாது.

வீடு பிடித்துவிட்டது என்றால் பணப்பேச்சு. முதலில் கரண்ட். உங்கள் போர்ஷனுக்குத் தனி இபி மீட்டரா, சப்-மீட்டரா? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் என்றால் அந்தச் சலுகை ஓனர் கணக்கில் கழிந்துவிடும், உங்களுக்கு முதல் யூனிட்டிலிருந்தே காசு. இரண்டு வீட்டு உபயோகமும் ஒரே மீட்டரில் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் விகிதமும் ஏறும். அவர் கேட்கும் யூனிட் ரேட்டை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். போர் மோட்டார் ஓடும் கரண்ட் யார் கணக்கு என்பதையும்.

ஒப்பந்தம் என்றதும் 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகப் பதிவைத் தவிர்க்க வந்த பழக்கம் அது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பின்னால் அட்வான்ஸுக்கு மல்லுக்கட்டுவது கஷ்டம்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் அது செல்லும். அதைப் பிடித்துக்கொண்டு பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேசுங்கள், குறைப்பார்கள். பெயின்ட் அடிப்பது, பைப் மாற்றுவது, ஒயரிங் பழுது போன்றவை, வேறு உடன்பாடு இல்லாதபோது, வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு போன்றவை உங்கள் பொறுப்பு. ஆகவே "காலி பண்ணும்போது பெயின்டுக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்குவோம்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே அடிக்கச் சொல்லிப் பாருங்கள். குறைந்தது, மேற்குச் சுவரின் ஓதத்தைச் சாவி வாங்கும் நாளில் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பிறகு அது நீங்கள் கெடுத்த சுவர் ஆகாது.

எப்போது தேடுவது என்று கேட்டால், பள்ளி திறப்பதற்கு முந்தைய ஏப்ரல், மே வேண்டாம் என்பேன். எல்லோரும் அலைகிற காலம், ஓனர்கள் இறங்கிவர மாட்டார்கள். ஆடியில் பாருங்கள். ஆடியில் யாரும் பால் காய்ச்சுவதில்லை என்பதால் காலியான வீடுகள் பூட்டிக் கிடக்கும், வீட்டுக்காரரும் கொஞ்சம் இளகியிருப்பார். காற்றும் சாரலும் உச்சத்தில் இருப்பதால் சுவரும் ஜன்னலும் கரண்டும் மறைக்க வழியில்லாமல் தெரியும். வாடகை பேசி, சிறிய டோக்கன் அட்வான்ஸுக்கு ரசீது வாங்கிக்கொண்டு, ஆவணி பிறந்ததும் சாமான் ஏற்றுங்கள். ஆடி மாதத்துக்கு வாடகை கிடையாது என்பதை முதல் பேச்சிலேயே முடித்துவிடுங்கள்.