தம்பானூர் ஈரத்துக்கு ஒரு போர்டு

அன்புள்ள தம்பி,

அறைக்குள் மழைத்தண்ணீர் ஏறுமுன் கத்தும் அலாரம் செய்யப்போவதாக எழுதியிருந்தாய். திருவனந்தபுரம் தம்பானூரில் தரைத்தளத்தில் குடியிருப்பவனுக்கு அது தேவைதான். 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்று அரசே இறங்கிச் சாக்கடைகளைத் தூர்வாரிய இடம் அல்லவா. எந்த போர்டு வாங்குவது என்று கேட்கிறாய். அந்த அலாரம் எந்தச் சுவரில் தொங்கப்போகிறது என்பதைப் பார்த்து வாங்கு.

பிரெட்போர்டு சோதனைக்கு மட்டும். ஓரத்துச் சிவப்புக் கோடு நடுவில் விட்டிருந்தால் உள்ளேயும் சப்ளை அங்கே அறுந்திருக்கும், ஒரு வயர் போட்டுக்கொள். சர்க்யூட் ஓடிவிட்டது என்று அதிலேயே விட்டுவைக்காதே; ஸ்பிரிங் பிடிப்பு உப்புக்காற்றுக்குத் தாங்காது.

ஜீரோ பிசிபி என்று கேட்டால் பெரும்பாலும் காபி நிறத்தில் ஒன்றை எடுத்துத் தருவார்கள். காகிதத்தில் பினாலிக் ரெசின் ஏற்றி அழுத்தியது. மலிவு, கீறி உடைப்பதும் சுலபம். ஆனால் ஈரம் குடிக்கும். ஒரே புள்ளியில் ஈயத்தை இரண்டு மூன்று தடவை எடுத்து வைத்தால் காப்பர் வட்டம் உரிந்து வந்துவிடும். கூடக் கொடுத்தாலும் கிளாஸ் எபாக்சியே வாங்கு.

அதிலும் ஸ்ட்ரிப் போர்டு கிடைத்தால் நல்லது. 2.54 மி.மீ. இடைவெளியில் காப்பர் கோடுகள் தயாராக ஓடும். ஐசிக்கு அடியில் மட்டும் அவற்றை அறுக்க வேண்டும். 4 மி.மீ. டிரில் பிட்டை விரலில் பிடித்து, துளையில் வைத்துத் திருகினாலே போதும். மயிரிழைக் காப்பர் மிச்சம் நிற்கும், மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் நகராதே.

உன் வேலையில் வம்பு வருவது சென்சார் முனையில். கம்பியிலிருந்து வரும் இன்புட்டுக்கு ஒரு மெகா ஓம் போட்டிருக்கிறாய். சால்டர் பேஸ்ட் கறையும் இடவப்பாதி மழை ஈரமும் சேர்ந்தால் போர்டின் மேலேயே அந்த அளவுக்குக் கசிவு பாதை உண்டாகும். தண்ணீரே வராமல் நடுராத்திரியில் அலறும். அந்த இன்புட் கோட்டுக்கு இருபுறமும் இரண்டிரண்டு கோடுகளை இரும்பால் சுடவைத்து, பிளேடால் தூக்கி உரித்துவிடு. பழைய டூத்பிரஷ்ஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய், நன்றாகக் காயவிட்டு லேக்கர் அடி. பெர்க் ஸ்ட்ரிப் பின்களில் மட்டும் படக்கூடாது.

கம்பிகளுக்கு எந்நேரமும் டிசி கொடுக்காதே, ஒன்று அரித்தே போய்விடும். சில விநாடிக்கு ஒருமுறை துடிப்பு போதும்.

பின்னால் ஆர்டுயினோ ஊனோவுக்கு மாறினால் ஒரு தொல்லை இருக்கிறது. அதன் 7, 8 பின்களுக்கு நடுவே 4.06 மி.மீ., துளை வரிசையில் உட்காராது. ஒரு பக்கத்து பெர்க் ஸ்ட்ரிப்பை வளைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

மோட்டாரையும் இதிலேயே இணைக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். கூடாது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 230 வோல்ட்டுக்குத் தனி ரிலே, தனிப் பெட்டி. ஈயம் வைத்ததும் காப்பர் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்