பரணில் புல்புல்தாரா இருக்கிறதா?

நெல்லை வீட்டுப் பரணில் டைப்ரைட்டர் பொத்தான்களோடு ஒரு மரப்பெட்டி கிடந்தால், பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அது புல்புல்தாரா, ‘இந்தியன் பேஞ்சோ’. 1912இல் ஜப்பானின் நகோயாவில் உருவான தாய்ஷோகோட்டோதான் இதன் மூதாதை.

தந்திகளைத் தளர்த்திவிட்டு ஒவ்வொரு பொத்தானையும் அமுக்குங்கள். தானாக எழ வேண்டும். தந்தி துருப்பிடித்திருந்தால் பரவாயில்லை, மாற்றலாம். பெட்டி முறுக்கிக்கொண்டிருந்தால் செலவழிப்பது வீண். தாமிரபரணிக் கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் தந்தியை அரித்துவிடும். வாசித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

மேடைக்கு ஏற்றபடி மாற்றப் பெட்டியைத் துளைக்க வேண்டாம். தந்தி தாங்கும் குதிரையருகே அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பீசோ பிக்கப் ஒட்டினால் போதும்.

தந்தியை மாற்றுவதாக இருந்தால், கழற்றியதைக் கடைக்குக் கொண்டுபோய், அதே கனத்தில் புதிது வாங்குங்கள்.