தலையில் அடிபட்டவருக்குத் தீராத அசதியா?

ஜல்லிக்கட்டில் காளை தூக்கி வீசியோ, ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்தோ தலையில் அடிபடுவது புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புதிதல்ல. தையல் பிரித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டில் நினைத்துவிடுகிறோம். ஆனால் மூளைக்கு அடியில், மெல்லிய காம்பில் தொங்கும், ஹார்மோன்களைச் சுரக்கும் பட்டாணி அளவு பிட்யூட்டரி சுரப்பி, பலத்த அடியில் ரத்த ஓட்டம் தடைபட்டுப் பழுதாகலாம். 2007-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, மூளைக்காயம் பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் ஏதோவொரு ஹார்மோன் குறைந்திருந்ததாகச் சொன்னது. இதைவிடக் குறைவாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. லேசாக இடித்துக்கொண்டவர்கள் பயந்து ஓட வேண்டியதில்லை.

நினைவிழந்து மருத்துவமனையில் தங்கியவருக்கு மாதக்கணக்கில் அசதி, மாதவிலக்கு நின்றுபோதல், தாம்பத்திய நாட்டம் குறைதல், ராத்திரியெல்லாம் தாகமும் சிறுநீரும் என்றிருந்தால் சும்மா விடக் கூடாது. 'ஸ்கேன் நார்மல்தானே' என்பார்கள், சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவைக் காட்டும், ஹார்மோன் அளவைக் காட்டாது. 'மனச்சோர்வுதான்' என்பதும் சரியாக இருக்கலாம், ஆனால் ரத்தம் பார்க்காமல் அப்படி முடிவு கட்டுவது தவறு. காலை 8 மணி வாக்கில் கார்டிசால் ஹார்மோன், கூடவே சோடியம், பாலின ஹார்மோன்கள் பார்க்க வேண்டும். தைராய்டுக்கு டி.எஸ்.எச். பரிசோதனை மட்டும் போதாது, பிட்யூட்டரி பழுதில் அது நார்மலாகவே வரலாம். ஃப்ரீ டி4-ம் கேளுங்கள். கார்டிசால் குறைவைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரை தொடங்குவது ஆபத்து. ஓயாத வாந்தி, குழப்பம், மயக்கம் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். அடிபட்டு வருடங்கள் ஆகியிருந்தாலும், பழைய டிஸ்சார்ஜ் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.