முந்திரிக்காட்டு டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பயனுள்ள குறிப்புகள்

ஆண்டிமடம், விளந்தை பக்கத்து முந்திரிக்காட்டுச் செம்மண் தடத்தில் பழைய டிவிஎஸ் 50, எக்ஸ்எல் சூப்பர், அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1968-ல் யமஹா, டிடி-1 என்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியைக் காட்டுப்பாதைக்கென்றே விற்றது. நமக்கு 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-தான் காட்டு வண்டி. வால்வு கிடையாது, பாகங்கள் குறைவு. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். கொட்டை பொறுக்கும் பருவம் சூடு பிடிப்பதற்குள், மாசியிலேயே வண்டியைப் பிரித்துவிடுங்கள்.

1. முதலில் ஏர் ஃபில்டர். டூ-ஸ்ட்ரோக்கில் காற்று கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகிறது. உள்ளே புகுந்த செம்மண் தூசி ஆயிலோடு குழைந்து, உப்புத்தாள் போல பிஸ்டன், போர், கிராங்க் பேரிங் மூன்றையும் தேய்த்துவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, சில சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். கையில் பொடிந்தால் புதிது வாங்குங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது.

2. மொபெட்டுக்குப் பொதுவாக ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில். முதலில் ஆயிலை ஊற்றி, அதன்மேல் பெட்ரோல் போட்டால் நன்றாகக் கலக்கும். ஆர்எக்ஸ் 100-க்கு ஆயில் டேங்க் தனி. அதில் அளவு குறையவே இல்லை என்றால் மகிழ வேண்டாம், ஆயில் பம்ப் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

3. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். பெட்ரோல் டியூப், டேப் வாஷர், கார்புரேட்டர் ரப்பர்களை மாற்றுங்கள். மழைக்காலத்தில் வண்டி சும்மா நிற்கும் என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள்.

4. வண்டி இழுக்கவில்லை என்றதும் போரைக் குறை சொல்லாதீர்கள். பாதி நேரம் சைலன்சர் கரிதான் காரணம். சைலன்சரைக் கழற்றி, சிலிண்டரில் புகை வெளியேறும் வாயைப் பாருங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மரக்குச்சியால் கரியைச் சுரண்டுங்கள். இரும்பு வேண்டாம், கீறல் விழும்.

5. பிஸ்டன், ரிங் மாற்றும்போது அவசரம் ஆகாது. சிலிண்டரைத் தூக்கியதும் கிராங்க் வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். சர்க்ளிப் துள்ளி உள்ளே விழுந்தால் இன்ஜின் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் பள்ளத்தில் சிறு ஊசி ஒன்று நிற்கும். ரிங்கின் இரு முனையும் அதை அணைத்தபடி உட்கார வேண்டும். ஊசியின் மேல் ஏறி உட்கார்ந்தால் சிலிண்டரை இறக்கும்போதே ரிங் ஒடியும். பழைய சர்க்ளிப்பைத் திரும்ப மாட்டாதீர்கள்.

6. போர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறைக்குக் கொடுங்கள். பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்து, அதற்கேற்பப் போரைக் கடையச் சொல்வதே முறை. 0.25, 0.50 என்று படிப்படியாகப் போனால் அதே சிலிண்டர் பல வருடம் வரும். ஓட்டைகளின் ஓரக் கூர்மையை மழுக்கச் சொல்ல மறக்காதீர்கள். முதல் 500 கிலோமீட்டருக்கு மூட்டை ஏற்ற வேண்டாம்.

7. கிராங்க் ஆயில் சீல் பலர் கவனிக்காத இடம். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் குறையும், வெள்ளைப்புகை நிற்காது. மேக்னெட் பக்கச் சீல் போனால் வெளிக்காற்றை இழுத்து, ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் இறங்காது. அப்படியே ஓட்டினால் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புதிதாகப் போட்ட பிஸ்டன் சீக்கிரமே போவதற்கு இது பெரிய காரணம். இன்ஜின் இறக்கும் வேலை வந்தால் இரண்டு சீலையும் சேர்த்தே மாற்றுங்கள்.

8. கார்புரேட்டர் ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. கடையில் புதிது என்று பளபளப்பவற்றில் டூப்ளிகேட் நிறைய. என் கருத்தில், பெயர் தெரியாத புதிய கார்புரேட்டரைவிடச் சுத்தம் செய்த பழைய அசல் கார்புரேட்டரே மேல்.

9. பிளக் இடைவெளி பார்க்கக் கருவி இல்லையென்றால் ஹேக்ஸா பிளேடு தட்டுத் தடங்கலின்றி நுழைகிறதா பாருங்கள்.

10. செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் ஒரே செட்டாகத்தான் மாற்ற வேண்டும். செயின் லாக்கின் திறந்த வாய், செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.

11. இன்ஜின் எண் பொறித்த கேஸை மாற்றினால் ஆர்சி புத்தகத்திலும் மாற்றம் பதிய வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பதும் கட்டாயம்.