கிழிந்த இரைக்கு மறுவாழ்வு

குளுவாங் நகரின் நடுவே மெங்கிபோல் ஆறு ஓடுகிறது. நகரைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. அவற்றின் ஊடே ஓடைகளும் குட்டைகளும் உண்டு. ஆயர் ஈத்தாம் பக்கமாகச் சென்றால் செம்புரோங் அணைக்கட்டைக் காணலாம். அங்கே தேங்கும் நீர் சுற்றுவட்டார மக்களின் குடிநீராகிறது. இவ்வளவு நீர்நிலைகள் உள்ள ஊரில் தூண்டில் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

முன்பு தோட்டத்துப் பிள்ளைகள் மண்புழுவைத் தோண்டியெடுத்து முள்ளில் கோத்தார்கள். இன்று பலரது பெட்டியில் இருப்பது மென்நெகிழி இரை. தவளை, புழு, சிறுமீன் ஆகியவற்றின் வடிவில் வண்ண வண்ணமாக அது கிடைக்கிறது. நீரில் இழுத்தால் அதன் மெல்லிய வால் உயிருள்ளதைப் போலத் துடிக்கும். மலாய் மொழியில் ஹாருவான் எனப்படும் விராலும் அதன் இனத்தைச் சேர்ந்த தோமானும் அதைக் கண்டால் பாய்ந்து கவ்வும். தோமானுக்குக் கூரிய பற்கள். ஒரே கடியில் வால் பிய்ந்துவிடும். அல்லது முள் கோத்த இடம் கிழிந்து, இரை நழுவத் தொடங்கும். ஒரு பொட்டலம் இரை வாங்கும் காசில் ஒரு வேளை வயிறாரச் சாப்பிடலாம். அப்படியிருந்தும், கிழிந்ததைக் கழற்றி அப்படியே தண்ணீரில் வீசிவிட்டுப் புதியதைக் கோப்பவர்கள் இருக்கிறார்கள். காசு போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீசப்பட்ட இரை எங்கே போகிறது என்பதுதான் கவலைக்குரியது.

மண்புழு மட்கிவிடும், நெகிழி மட்காது. மீனை ஏமாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள், முள் இல்லாமல் கிடந்தாலும் மீனை ஏமாற்றத்தான் செய்யும். அமெரிக்காவில் டிரவுட் மீன்களை ஆய்வகத்தில் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. அங்கே போடப்பட்ட மென்நெகிழி இரைகளைப் பல மீன்கள் தாமாகவே விழுங்கின. விழுங்கிய மீன்களின் எடை குறைந்தது. உணவில் அவற்றுக்கு இருந்த நாட்டமும் குறைந்தது. வயிறு நிறைந்திருக்கிறது, ஆனால் உண்டது உணவன்று. நம் ஊர் விராலுக்கும் இதே நிலை வராது என்று யாரால் உறுதி கூற முடியும்?

கிழிந்த இரையை ஒட்ட முடியுமா? முடியும். மிதிவண்டியின் டியூப்பை ஒட்டுவதைவிட இது எளிது. அதற்கான காரணத்தை அறிய, ரப்பரையும் இந்த நெகிழியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மரத்திலிருந்து எடுத்த ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறுகிறது. இம்முறையை 1839ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் சார்லஸ் குட்இயர். கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்துவிடுகிறது. பிணைத்த பின் எவ்வளவு சூடாக்கினாலும் அது உருகி ஒன்று சேராது; கருகித்தான் போகும். அதனால்தான் டியூப்பில் ஓட்டை விழுந்தால், உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, தனியாக ஓர் ஒட்டுப் போடுகிறோம்.

மென்நெகிழி இரை பெரும்பாலும் பி.வி.சி. என்னும் நெகிழியால் ஆனது. பி.வி.சி. இயல்பில் கடினமானது, நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதுதான். நெகிழ்வூட்டும் எண்ணெய் போன்ற திரவத்தைச் சேர்த்தால் அது கொழகொழவென்று மென்மையாகிறது. அமெரிக்காவின் அக்ரோன் நகரில், குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமோன் 1926இல் இதைக் கண்டார். அவர் தேடியது வேறொன்று. ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசையைத் தேடப் போய், வளைந்து கொடுக்கும் நெகிழி கிடைத்தது! அதே அக்ரோனில் 1949இல் நிக் கிரீம் என்பவர் மென்மையான நெகிழிப் புழுவை வார்த்தெடுத்தார். மலாயாவின் ரப்பரை அந்நாளில் மிகுதியாக வாங்கிய நாடு அமெரிக்கா. அந்நாட்டின் டயர்த் தொழிலுக்குத் தலைநகர்போல விளங்கியது அக்ரோன். நம் தாத்தா பாட்டிமார் பால்வெட்டிய ரப்பருக்கும் இந்த நெகிழிப் புழுவுக்கும் இப்படி ஓர் ஊர்த்தொடர்பு உண்டு.

இந்த நெகிழியில் குறுக்குப் பிணைப்பு இல்லை. ஏறத்தாழ 175 பாகை செல்சியஸ் சூட்டில் அது இளகி உருகும். ஆறினால் மீண்டும் முன்போல் ஆகும். ஆகவே கிழிந்த இரு விளிம்புகளையும் உருக்கிச் சேர்த்தால், அவை ஒட்டிக்கொள்வதில்லை, ஒன்றாகவே ஆகிவிடுகின்றன.

முதலில் இரையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். மீனின் வழவழப்பு சிறிதளவு இருந்தாலும் விளிம்புகள் சேரா. பிறகு மெல்லிழைத்தாளால் ஒற்றி, நன்றாகக் காயவிட வேண்டும். பலரும் பொறுமையிழப்பது இங்கேதான். கிழிசலுக்குள் ஈரம் இருந்தால் அது ஆவியாகிக் கொப்புளமாக எழும். அடுத்த கடியில் அந்த இடமே மீண்டும் பிளக்கும்.

அடுத்து, மழுங்கிய பழைய கத்தியின் நுனியை மெழுகுவத்திச் சுடரில் சூடாக்கி, கரியைத் துடைத்துவிட்டுக் கிழிசலின் இரு பக்கங்களுக்கும் நடுவே நுழைக்க வேண்டும். விளிம்புகள் பளபளக்கத் தொடங்கியதும் கத்தியை மெதுவாக உருவிவிட்டு, உருகிய இடத்தைத் தொடாமல் இருபுறமும் பிடித்து அழுத்த வேண்டும். மெதுவாக இருபது வரை எண்ணினால் போதும். பின்னர் குளிர்ந்த நீரில் போட்டுவிடலாம். வால் முழுவதும் பிய்ந்திருந்தால், வேறொரு பழைய இரையின் வாலை வெட்டி இதே முறையில் பொருத்தலாம். பச்சைத் தவளைக்குச் சிவப்புக் கால் வாய்த்தாலும் மீன் குறை சொல்வதில்லை.

இரையை நேராகத் தீயில் காட்டக் கூடாது. பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு வெளிவரும். அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். உருகிய நெகிழி தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். எனவே, இந்த வேலையைப் பெரியவர் ஒருவர் உடனிருக்க, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

சூடாக்காமல் சூப்பர் குளூ கொண்டு ஒட்டலாமே என்று கேட்கலாம். தலைப்பகுதிக்கு அது பொருந்தும். ஆனால் அந்தப் பசை காய்ந்ததும் கண்ணாடிபோல் இறுகிவிடும். வாலில் தடவினால் வால் துடிக்காது. துடிக்காத வாலை மீனும் சீண்டாது.

இரைகளுள் இன்னொரு வகையும் உண்டு. அது ரப்பர் வளையம்போல் வெகுவாக நீளும், எளிதில் கிழியாது. அவ்வகையை பி.வி.சி. இரைகளோடு ஒரே பெட்டியில் போட்டு வைத்தால், சில நாளில் இரண்டும் இளகி ஒன்றோடொன்று பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும். நெருப்பே இல்லாமல் நடக்கும் இந்த உருகலை எந்தக் கத்தியாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே, இரு வகைகளையும் தனித்தனி டப்பாக்களில் வைப்பதே வழி. மூன்றாவதாக ஒரு டப்பாவும் வேண்டும். பழுது பார்க்கவே முடியாத இரைகளின் உடல், கால், வால் துண்டுகளை நிறம் பிரித்து அதில் போட்டு வைக்கலாம். அடுத்த கிழிசலுக்கு ஒட்டு அங்கிருந்துதான் வர வேண்டும்.