சூரைச்செடியின் கீழே கொடுக்கப்பட்ட அடை: புற்றுநோய்ச் சிகிச்சை எடுக்கிறவர்களுக்கு ஒரு பாடம்



நான் பிரசங்கம் செய்கிறவள் அல்ல. சேதராப்பட்டில் குடியிருக்கிற ஒரு சாதாரண விசுவாசி. என் வீட்டுக்காரர் இங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். நம்முடைய சபையில் கொஞ்ச காலத்துக்குள் மூன்று குடும்பங்களில் புற்றுநோய் வந்து, மூன்று பேருக்குமே "கரண்டும் கீமோவும் சேர்த்துக் கொடுக்கணும்" என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறபடியால், 2022-ல் அதே வழியாய் நடந்துபோன நான் பட்டதை எழுதித் தரும்படி பாஸ்டர் ஐயா கேட்டுக்கொண்டார்கள். சாட்சி என்றால் ஜெயித்ததை மட்டும் சொல்லுவது வழக்கம். நான் செய்த தப்பையும் சேர்த்துச் சொல்லுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் இதை எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை.

சிறுவயதில் நாற்று நடப் போகும்போதே வெற்றிலையோடு புகையிலை போடப் பழகினேன். ஞானஸ்நானம் எடுத்த பிறகு விட்டுவிட்டேன். விட்டு பதினாலு வருஷம் கழித்து, கழுத்தில் ஒரு கட்டியும், விழுங்கும்போது காதுக்குள் ஒரு குத்தலும் வந்தது. கோரிமேட்டில் ஜிப்மருக்குப் போனோம். சதையெடுத்துப் பார்த்து, அடிநாக்கில் புற்றுநோய் என்றார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் கரண்ட், மொத்தம் 35 தடவை, 7 வாரம். வாரத்துக்கு ஒருதரம், வியாழக்கிழமை, சிஸ்பிளாட்டின் என்கிற கீமோ மருந்து.

ஏன் இரண்டும் ஒன்றாக? ஒன்று முடிந்து மற்றதைக் கொடுக்கக் கூடாதா? நானும் கேட்டேன். சிஸ்பிளாட்டின் உடம்பில் இருக்கும்போது புற்றுநோய்ச் செல்கள் கதிர்வீச்சுக்குச் சீக்கிரம் பணிந்துபோகுமாம். கதிர் செய்கிற சேதத்தை அவற்றால் பழுதுபார்க்க முடியாது. இது வெளிநாட்டிலிருந்து நேற்று வந்த யோசனையும் அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ல் தொடங்கின சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில், டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் 1970-களிலேயே வாய்ப் புற்றுநோய்க்கு ப்ளியோமைசின் என்ற மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, அந்தப் பலனை உலகத்துக்கு எழுதியிருக்கிறார்கள். பிற்பாடு பல தேசங்களின் ஆராய்ச்சிகளை ஒன்றுகூட்டிப் பார்த்ததில், தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கரண்டோடு கீமோவையும் சேர்த்தால், ஐந்து வருஷம் கழித்து உயிரோடிருப்பவர்கள் நூறு பேருக்கு ஆறேழு பேர் அதிகம் என்று கண்டார்கள். 70 வயதைத் தாண்டினவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே "எங்க தாத்தாவுக்கு மட்டும் ஏன் கீமோ கொடுக்கல?" என்று யாரும் டாக்டரிடம் சண்டைக்குப் போகவேண்டாம்.

ஆனால் தேவபிள்ளைகளே, அந்த மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல் என்று அவ்வளவு தெளிவாய்ப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வாயின் உள்தோல் சில நாளுக்கொருதரம் புதிதாகிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் அதையும் தாக்கும், கீமோ அந்தத் தாக்குதலைக் கூட்டும். ஆகையால் ஒன்று மட்டும் எடுக்கிறவர்களைவிட இரண்டும் எடுக்கிறவர்களுக்கு வாய்ப்புண் கடுமையாய் வரும்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. "இதுக்கா இவ்வளவு பயமுறுத்தினாங்க?" என்று என் மகளிடம் சொல்லிச் சிரித்தேன். இரண்டாம் வாரம் ருசி போயிற்று. சோறு காகிதம் மாதிரி இருந்தது. எச்சில் பசை மாதிரி கெட்டியாயிற்று. மூன்றாம் வாரம் புண். அதன் பிறகு என் எச்சிலை நான் விழுங்குவதே ஒரு பெரிய காரியமாகிவிட்டது.

இங்கேதான் என் தப்பு. நம் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் என்று உங்களுக்குத் தெரியும். பல வருஷமாக நான் தவறவிட்டதில்லை. வியாதி வந்த நேரத்தில் விடலாமா? கூட்டத்துக்குப் போக முடியாவிட்டாலும் வீட்டிலிருந்தே சாயங்காலம் மட்டும் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கரண்ட் வைக்கப்போன இடத்தில் நர்சம்மா "சாப்டீங்களாம்மா?" என்றால் தலையாட்டுவேன். உள்ளதைச் சொல்லுகிறேன், புண்ணோடு விழுங்குகிற வேதனையிலிருந்து ஒரு நாள் தப்பிக்கவும் அந்த உபவாசம் எனக்கு ஒத்தாசையாயிருந்தது. அதை பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழன் கீமோ, வெள்ளி பட்டினி. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்குகிற மருந்து. அதனால்தான் அன்று பாட்டில் பாட்டிலாய்ச் சலைன் ஏற்றுகிறார்கள், "வீட்டுக்குப் போயும் நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். வாந்தியும் அன்றே முடிந்துவிடுவதில்லை, இரண்டாம் மூன்றாம் நாளும் வரும். அப்படிப்பட்ட நாளில் நான் தண்ணீரையும் நிறுத்தினேன். நாலாம் வாரம் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது கிரியேட்டினின் ஏறியிருந்தது. "இந்த வாரம் கீமோ கிடையாது" என்றார்கள். உடம்பும் 7 கிலோ இறங்கியிருந்தது. கரண்ட் வைக்கும்போது தலை அசையாமலிருக்க முகத்துக்கு அளவெடுத்து ஒரு வலை மாஸ்க் செய்து மேஜையோடு பூட்டுவார்கள். நான் இளைத்ததினால் அது தொளதொள என்றாகிவிட்டது. கதிர் குறி தப்பும் என்று வேறு மாஸ்க் செய்யவேண்டியதாயிற்று. அதிலே இரண்டு நாள் போயிற்று.

இரண்டு நாள்தானே என்று நினைக்காதீர்கள். சுமார் நாலு வாரத்துக்குப் பிறகு, தப்பிப் பிழைத்த புற்றுநோய்ச் செல்கள் முன்னிலும் வேகமாய்ப் பெருகத் தொடங்குமாம். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒவ்வொரு நாள் நீண்டுபோகும்போதும் நோய் அடங்குகிற வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுபோலக் குறைகிறது என்று கணக்குச் சொல்லுகிறார்கள்.

அந்த ராத்திரி பாஸ்டர் ஐயாவும் பாஸ்டரம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், பாதி வாயால், பாதி எழுதிக் காட்டி. ஐயா கோபிக்கவில்லை. எலியா சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்திருந்த சம்பவத்தை எனக்கு நினைப்பூட்டினார்கள். "சகோதரி, அங்க வந்த தூதன் எலியாவைக் கண்டிக்கவும் இல்ல, பிரசங்கம் பண்ணவும் இல்ல. அடையும் தண்ணியும் வச்சு எழுப்பினான். சாப்பிட்டுட்டுத் திரும்பப் படுத்தவரை மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வச்சான். போகவேண்டிய தூரம் ரொம்ப இருந்தது. உங்களுக்கும் இன்னும் மூணு வாரம் இருக்கு. உபவாசத்தை நாங்க உங்களுக்காக எடுத்துக்கிறோம். நீங்க சாப்பிடுங்க" என்றார்கள். அடுத்த நாளே சபையில் எழுந்து, சிகிச்சையில் இருக்கிறவர்கள் யாரும் உபவாசிக்கவேண்டாம் என்று பகிரங்கமாய் அறிவித்தும் விட்டார்கள்.

அதற்குப் பின்பு என் மகள் கடிகாரம் வைத்துக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தம்ளர். பாலில் கரைத்த கேழ்வரகுக் கஞ்சியில் நெய், பயற்றங்கஞ்சி வடிகட்டி, வேகவைத்த முட்டையை மசித்துப் பாலில் கலக்கி, பாலில் கரைத்த இட்லி. எல்லாம் ஆறவைத்து. காரம், புளி, எலுமிச்சை கிட்டவே வரக்கூடாது. அன்பான விசுவாசிகள் பார்க்க வரும்போது ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கி வந்தார்கள். அவர்கள் அன்புக்கு ஸ்தோத்திரம், ஆனால் ஆரஞ்சு வாயில் நெருப்பு, பிஸ்கட் கண்ணாடித் தூள். கஞ்சி காய்ச்சிக் கொண்டுவாருங்கள். உங்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் வராமலிருப்பதே பெரிய உதவி. கீமோவினால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். நோயாளிக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

வாயைச் சுத்தமாய் வைக்க ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஆறு தடவையாவது கொப்பளிக்கவேண்டும், ராத்திரி விழித்தாலும் ஒருதரம். கடையில் விற்கிற எரிகிற மவுத்வாஷ் வேண்டாம். மிருதுவான பிரஷ் போதும். நாக்கில் வெள்ளை படிந்தால் அது பூஞ்சையாயிருக்கலாம், அதற்கு வேறே மருந்து உண்டு, காட்டிக் கேளுங்கள்.

வலி மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எனக்கு மார்பின் எழுதினார்கள். என் வீட்டுக்காரர் பயந்துபோனார். "ஏங்க டாக்டர், இது போதை மருந்தாச்சே, நாங்க சபைக்குப் போறவங்க" என்றார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டு, வலிக்கு அளவாய்க் கொடுத்து, புண் ஆறினதும் படிப்படியாய்க் குறைத்து நிறுத்துவோம் என்றார்கள். அப்படியே நிறுத்தினார்கள், எனக்கு அதன்மேல் ஒரு ஏக்கமும் வரவில்லை. மலச்சிக்கல் வந்தது, அதற்கும் சிரப் கொடுத்தார்கள். மாத்திரை போட்டு வலி சற்று அடங்கின பிறகு கஞ்சி குடித்தால் இறங்கும். ஆனால் நீங்களாக மருந்துக்கடையில் போய் டைக்ளோபினாக், புரூபன் என்று வாங்கிப் போடாதேயுங்கள். சிஸ்பிளாட்டின் ஏற்கெனவே நெருக்குகிற சிறுநீரகத்தை அதுவும் சேர்ந்து நெருக்கும்.

ஐந்தாம் வாரம் மூக்கு வழியாய் டியூப் போட்டார்கள். அதற்கு முன்னேயே போடலாம் என்றார்கள், நான்தான் சபையார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று மறுத்தேன். போட்ட பின்பு எடை இறங்குவது நின்றது. அப்படியிருந்தும் தினமும் சில ஸ்பூன் தண்ணீரையாவது வாயால் விழுங்கச் சொன்னார்கள், இல்லாவிட்டால் தொண்டை விழுங்குவதையே மறந்துபோகுமாம்.

கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. அக்னி நட்சத்திர வெயில் வேறே. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பழைய நூல்சேலைத் துண்டால் மூடிக்கொள்வேன். மஞ்சள், எண்ணெய், தைலம், பவுடர் எதுவும் பூசக்கூடாது. (நாம் நகை போடாதவர்கள், அந்தவகையில் கழற்றுகிற வேலை மிச்சம்.) காதில் இரைச்சல், விரல் நுனியில் மரத்துப்போவது, இவையும் சிஸ்பிளாட்டினால் வரும். சின்ன விஷயம் என்று மறைக்காமல் அந்த வாரமே சொன்னால் மருந்தை மாற்றவோ குறைக்கவோ அவர்களுக்கு வழி உண்டு.

பக்கத்து வீட்டில் ஒருவர், கரண்ட் வைத்தவர்கள் கிட்டே குழந்தை போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். என் பேத்தியை ஒரு வாரம் தூக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டேன். மெஷினிலிருந்து வெளியே நின்று வைக்கிற கதிர், மெஷின் நின்றவுடனே முடிந்துபோகும். உடம்பில் ஒன்றும் தங்குவதில்லை. தனித் தட்டும் வேண்டாம், தனிப் பாயும் வேண்டாம். அந்த ஒரு வாரம் போனது போனதுதான்.

35-ம் நாள் முடிந்ததும் எல்லாம் சரியாகும் என்று எதிர்பார்த்தேன். அதற்கடுத்த இரண்டு வாரம்தான் உள்ளதிலே மோசம். இது முன்னமே தெரிந்திருந்தால் அவ்வளவு சோர்ந்திருக்கமாட்டேன், ஆகவே உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். ஆறாம் வாரத்துக்குள் டியூபை எடுத்தார்கள். ருசி மெதுவாய் வந்தது. முதலில் உப்பு. இனிப்பு வரப் பல மாதம் ஆயிற்று.

இன்னும் போகாதவை உண்டு. வாய் திறப்பு குறையாமலிருக்க தினமும் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையில் வைத்துப் பயிற்சி செய்கிறேன். கழுத்தில் கதிர் பட்டதால் தைராய்டு குறையலாம் என்று ஆறு மாதத்துக்கொருதரம் இரத்தம் பார்க்கிறார்கள். பல்லைப் பிடுங்கவேண்டுமானால் கரண்ட் வைத்ததைச் சொல்லாமல் எந்தப் பல் டாக்டரிடமும் உட்காரக்கூடாது, தாடை எலும்பு ஆறாமல் போய்விடும். புதிதாய்ச் சிகிச்சை தொடங்குகிறவர்கள் கரண்டுக்கு முன்னாலேயே பல்லைக் காட்டிவிடுங்கள்.

எச்சில் முழுவதும் திரும்பவில்லை. ஆராதனை நேரத்தில் நான் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்து இரண்டு வரிக்கு ஒருதரம் ஒரு மிடறு குடிப்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்ததுண்டு. இப்போது பாஸ்டரம்மாவே வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் என் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார்கள்.