வெயிலை அளக்க இரண்டு வெப்பநிலைகள் போதுமா?

மாணவர்களே, கெடாவின் மூடா சமவெளியில் நெல் பயிரிடும் விவசாயிக்கு அடிக்கடி எழும் கேள்வி இது: இன்று வயலிலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகப் போகும்? இதைச் சொல்ல முதலில் சூரியக் கதிர்வீச்சு தெரிய வேண்டும். அதை அளக்கும் பைரனோமீட்டர் விலை உயர்ந்த கருவி. எல்லா ஊரிலும் இருக்காது. ஆனால் வெப்பமானி இருக்கும்.

1982இல் ஹார்கிரீவ்ஸ், சமானி என்ற இருவர் ஓர் எளிய வழியைச் சொன்னார்கள். வானம் தெளிவாக இருந்தால் பகலில் நிலம் நன்கு சூடேறும். இரவில் அந்த வெப்பம் தடையின்றி வெளியேறும். ஆகவே, பகலின் உச்ச வெப்பநிலைக்கும் இரவின் குறைந்த வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி பெரிதாகும். மேகம் போர்வைபோல் மூடினால் பகலும் அவ்வளவு சுடாது, இரவும் அவ்வளவு குளிராது. இடைவெளி சுருங்கிவிடும். மேகத்தை நேரில் பார்க்காமலேயே அதன் அளவை ஊகிக்கிறோம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

சூத்திரம் இதோ:

கதிர்வீச்சு = 0.16 × √(உச்சம் − குறைந்தது) × வளிமண்டலத்திற்கு மேல் விழும் கதிர்வீச்சு

கடைசி எண்ணை அளக்க வேண்டியதில்லை. அட்சரேகையும் தேதியும் தெரிந்தால் கணக்கிடலாம். வட கெடாவில் (6° வடக்கு) மார்ச் நடுவில் அது ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 37 மெகாஜூல்.

கெடாவின் உட்பகுதியில் ஒரு நாள் உச்சம் 34°C, குறைந்தது 25°C என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 9, வர்க்கமூலம் 3. விடை 0.16 × 3 × 37 = 17.8 மெகாஜூல். மேகமூட்டமான இன்னொரு நாளில் 29°C, 25°C என்றால்? வர்க்கமூலம் 2, விடை 11.8 மட்டுமே.

1 லிட்டர் நீர் ஆவியாக 2.45 மெகாஜூல் தேவை. 17.8ஐ இதனால் வகுத்தால் 7.3 லிட்டர், அதாவது 7.3 மில்லிமீட்டர் உயர நீர். ஆனால் இலைகள் ஏறத்தாழ 23 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். இன்னும் கொஞ்சம் வெப்பக் கதிராக வானுக்குத் திரும்பும். ஆகவே உண்மையில் குறைவாகவே ஆவியாகும். இதே ஆய்வாளர்களின் மற்றொரு சூத்திரப்படி வெயில் நாளில் ஏறக்குறைய 5 மி.மீ., மேக நாளில் 3 மி.மீ. சின்ன வேறுபாடாகத் தெரிகிறதா? ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. என்பது 10,000 லிட்டர். ஆக, வேறுபாடு 20,000 லிட்டர்! பெடு அணையில் நீர் குறையும் காலத்தில் இது சாதாரண அளவல்ல.

ஒரு நாள் கணக்கை மட்டும் நம்பி மதகைத் திறக்கக்கூடாது. காற்றும் திடீர் மழையும் வெப்பநிலையை மாற்றிவிடும். பத்து நாள் சராசரி எடுப்பது நல்லது. பினாங்குபோன்ற சிறு தீவுகளுக்கு இந்தச் சூத்திரம் ஒத்துவராது. சுற்றியுள்ள கடல் பகலிரவு வேறுபாட்டைக் குறைத்துவிடுகிறது.

பெருநிலத்தின் கடற்கரை ஊர்களுக்கு 0.16க்குப் பதில் 0.19 பயன்படுத்துவார்கள். ஏன் எண் கூடுகிறது? மேலே சொன்ன காரணத்தை வைத்தே யோசித்து, அதே 34°C, 25°Cக்கு விடையைக் கண்டுபிடித்து வையுங்கள்.